பின் அச்சும் சராசரி வயதும்

வண்டிகள் ஒழுங்காக ஓட வேண்டுமானால் சட்டம் வேண்டும். சட்டம் ஒழுங்காக ஓட வேண்டுமானால் அதிகாரிகள் வேண்டும். அதிகாரிகள் ஓட வேண்டியதில்லை, உட்கார்ந்திருந்தால் போதும். இந்த உன்னதமான ஏற்பாட்டுக்கு நடுவே தன்னுடைய பழைய பிக்கப் வண்டியை ஓட்டிக்கொண்டு போய் மாட்டிக்கொண்ட ஒரு அம்மாவின் கதை இது.

வீடு மாறுகிறவர்களின் சாமான்களை ஏற்றி இறக்குவது அந்த அம்மாவின் தொழில். வண்டி மாமனார் விட்டுப்போனது. அதற்கு வயது ஐம்பது. கதவைச் சாத்த ஒரு தட்டு, திறக்க இரண்டு தட்டு. மற்றபடி தங்கமான வண்டி. கணவர் தையல்காரர், அவர் வருமானம் ஊசி போன வழியில் நூல் போகிற மாதிரி வந்த வேகத்திலேயே போய்விடும். ஆகவே குடும்பமே அந்த நான்கு சக்கரத்தின் மேல்தான் நின்றது.

ஒரு நாள் பீரோவும் கட்டிலும் ஏற்றிக்கொண்டு ஒரு மேட்டுத் தெருவில் ஏறும்போது பின்னால் 'கடக்' என்று சத்தம் கேட்டது. பின் அச்சுக்குள் இருக்கும் பல்சக்கரத்தின் பல் உடைந்து, வண்டி பின்னோக்கி உருளத் தொடங்கியது. தெருவில் போனவர்கள் ஓடிவந்து சக்கரத்துக்குக் கல் கொடுத்தார்கள். இறங்கி வந்த அம்மா பீரோக் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தார். சுண்ணாம்பு அடித்த மாதிரி இருந்தது.

மெக்கானிக் அந்த அம்மாவின் சொந்தத் தம்பி. தம்பிக்குத் தன்னைப் பற்றி மிக நல்ல அபிப்பிராயம்.

"அக்கா, இந்தப் பல்லுக்கு உலகத்துல எங்கயும் ஸ்பேர் கிடையாது. ஆனா, மோதி நசுங்கின புது வண்டி ஒண்ணு வந்திருக்கு. முன்பக்கம்தான் போச்சு. பின் அச்சு மணி மாதிரி இருக்கு. ரெண்டே வயசு."

"நம்ம வண்டிக்குச் சேருமாடா?"

"சேராததைச் சேர்த்து வைக்கத்தானே நான் இருக்கேன்?"

புது அச்சு நாலு விரல் அகலம் அதிகம். வில்பட்டைகள் உட்காரும் தாங்கிகளை வெட்டி, இடம் மாற்றி வெல்டு வைத்தான். இன்ஜினிலிருந்து பின்னால் வரும் ஜாயின்ட் ராடை அளவெடுத்துக் குறைத்தான். பிரேக் குழாயை வளைத்துக் கொண்டுவந்து சேர்த்தான். முதல் தடவை அச்சின் சாய்மானம் தப்பிவிட்டது. வேகம் எடுத்ததும் வண்டி குளிர்ஜுரக்காரன் மாதிரி நடுங்கியது. "வண்டிக்குக் கூச்சம்" என்று சொல்லிப் பார்த்தான், அக்கா நம்பவில்லை. கழற்றி மறுபடி போட்டான். அதன்பிறகு அந்த வண்டி பூனை மாதிரி நடந்தது.

அந்தச் சந்தோஷத்தோடு அக்காவும் தம்பியும் வருடாந்திரச் சான்றிதழுக்காக வாகனத் தகுதிப் பரிசோதனை அலுவலகத்துக்குப் போனார்கள்.

பரிசோதனை அதிகாரி வண்டியைச் சுற்றி வந்தார். காதை வைத்துக் கேட்டார். முகம் இருண்டது.

"சத்தமே இல்லையே?"

"ஆமாங்க. நல்லா ஓடுது."

"அதுதான் சந்தேகமா இருக்கு. இந்த வயசு வண்டி இப்படி ஓடக்கூடாது." சிரமப்பட்டுக் குனிந்து அடியில் பார்த்தார். "இது யாரு?"

"புது அச்சு சார்" என்றான் தம்பி, பரிசு வாங்கப் போகிறவன் போல. "நான்தான் போட்டேன்."

அதிகாரி மேசைக்குத் திரும்பி விதியை விளக்கினார். நாற்பது வயது தாண்டிய வண்டி தொன்மை வாகனம், நாட்டின் பெருமை, எவ்வளவு காலம் வேண்டுமானாலும் ஓடலாம். மற்ற வண்டிகள் பதினைந்து வயதானால் உடைக்கப்பட வேண்டும். பாகம் மாற்றிய வண்டியின் வயது, பாகங்களின் சராசரி.

"வண்டிக்கு ஐம்பது. அச்சுக்கு ரெண்டு. கூட்டினா ஐம்பத்திரண்டு, ரெண்டால வகுத்தா இருபத்தாறு. நாற்பது ஆகலை, அதனால தொன்மை இல்லை. பதினைஞ்சு தாண்டிடுச்சு, அதனால உடைக்கணும்."

"போன வருஷம் நீங்கதானே சார் தொன்மைன்னு கையெழுத்துப் போட்டீங்க?"

"போன வருஷம் அது வயசான வண்டிம்மா. இப்ப இளமையாயிடுச்சு. இளமையா இருக்கறதாலதான் உடைக்கறோம்."

"அச்சு உடைஞ்சபடியே விட்டிருந்தா?"

"தகுதியான வண்டி. ஓடியிருக்காது, ஆனா சான்றிதழ் கிடைச்சிருக்கும்."

அந்த அம்மா மறுநாளே இரண்டு வீடு மாற்ற ஒப்புக்கொண்டிருந்தார். "ஒரு வழியும் இல்லையா சார்?"

"ஏன் இல்லை? அரசாங்கம் கல்நெஞ்சக்காரன் இல்லை. பழைய அச்சு வண்டியில இருக்கணும். அவ்வளவுதான்."

அக்காவும் தம்பியும் பட்டறைக்குப் போய், உடைந்த அச்சைத் தூக்கி வண்டியின் தட்டில் கிடத்திக் கயிறு போட்டுக் கட்டிக் கொண்டுவந்தார்கள். "வண்டியில இருக்கு சார்."

அதிகாரி விரல் நீட்டி எண்ணினார். "முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு, மேல ஒண்ணு. மூணு அச்சு. இது கனரக வாகனம். உங்ககிட்ட லாரி ஓட்டற லைசென்ஸ் இருக்கா?"

"மேல கிடக்கறது தரையையே தொடலையே சார்!"

"தரையைத் தொடணும்னு விதியில எங்கேயும் இல்லை."

தம்பிக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்படின்னா ஸ்டெப்னியையும் ஒரு சக்கரமா எண்ணிக்கோங்க சார்!"

"ஸ்டெப்னி இருக்கா? நல்லவேளை சொன்னே" என்று அதிகாரி அதையும் எழுதிக்கொண்டார். அக்கா தம்பியைப் பார்த்த பார்வையில் பெயின்ட் உரிந்திருக்கும்.

வண்டியின் சாவி பறிமுதல் செய்யப்பட்டது. சாவியை இழுப்பறையில் போட்டுவிட்டு எழுந்த அதிகாரி "அம்மாடி" என்று முழங்காலைப் பிடித்துக்கொண்டார். பிறகு கொஞ்சம் பெருமையோடு, "ஆபரேஷன் பண்ணி மாத்தினது. உள்ள முழுக்க உலோகம். வெளிநாட்டுச் சரக்கு" என்றார்.

அந்த அம்மா பொதுவாகச் சண்டைக்காரி இல்லை. ஆனால் அடுப்பு அணையப் போகிறவளுக்கு நாக்கு எரியத்தானே செய்யும்?

"சார், உங்களுக்கு வயசு என்ன?"

"இந்த மாசக் கடைசியில அறுபது. ஓய்வு."

"முட்டிக்கு?"

"ரெண்டு ஆகுது."

"அறுபதும் ரெண்டும் அறுபத்திரண்டு. ரெண்டால வகுத்தா முப்பத்தொண்ணு. முப்பத்தொரு வயசுப் பிள்ளைக்கு எதுக்கு சார் ஓய்வு?"

குத்திக்காட்டத்தான் சொன்னார். அலுவலகமே சிரிக்கும் என்று எதிர்பார்த்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. அதிகாரியின் கண்ணில் முதலில் திகைப்பு, பிறகு ஒரு ஒளி. பக்கத்து மேசைத் துணை அதிகாரியின் முகம் செத்துப்போனது. பாவம், வருஷக்கணக்காக அந்த நாற்காலிக்குக் காத்திருந்தவர். அதற்கு ஒரு மெத்தைகூடத் தைக்கக் கொடுத்திருந்தார்.

"அம்மா, உட்காருங்க" என்றார் அதிகாரி.

அந்த அலுவலகத்தில் பொதுமக்களை யாரும் உட்காரச் சொன்னதில்லை. ஆகவே நாற்காலி இல்லை. மாடியிலிருந்து ஒன்று இறக்கப்பட்டது.

அதிகாரி மேலிடத்துக்கு எழுதினார். மேலிடத்தில் இருந்தவருக்கு வாய் நிறையக் கட்டிய பல். அவர் தன் மேலிடத்துக்கு எழுதினார். அந்த மேலிடத்துக்கு இதயத்தில் ஒரு மாற்று வால்வு. கோப்பு காற்றாய்ப் பறந்தது. ஆணை வந்தது: 'மேற்படி வாகனம் முன்னுதாரண வாகனமாக அறிவிக்கப்படுகிறது. மேற்படி வாகனத்தின் தகுதி கேள்விக்கு உட்படுமாயின் மேற்படி முழங்காலின் தகுதியும் கேள்விக்கு உட்படும் என்பதால், எவரும் எதையும் கேள்விக்கு உட்படுத்தலாகாது.'

சாவி கிடைத்தது, சான்றிதழும் கிடைத்தது. அந்த அம்மா வீட்டுக்கு வந்து மனதாரச் சிரித்தார். "கோணல் புத்திக்காரங்களுக்குக் கோணலாத்தான் பேசணும்" என்று கணவரிடம் சொன்னார். தம்பி, எல்லாம் தன் வெல்டிங்கின் மகிமை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

அதன்பிறகு ஊரில் உதிரி பாகம் ஒரு நாகரிகமாகிவிட்டது. பிரிவுபசார விழாக்கள் நின்றுபோயின. ஒரு தலைமை எழுத்தர் ஆடாத பல் மூன்றைப் பிடுங்கிப் புதுப்பல் கட்டிக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி வேலைக்கு வந்தார். கல்யாணத் தரகர்கள் பையனின் வயதைச் சொல்லும்போது "முட்டியோட சேர்த்தா, சேர்க்காமலா?" என்று கேட்டுக்கொண்டார்கள். துணை அதிகாரி தைக்கக் கொடுத்த மெத்தையை வாங்கவே போகவில்லை.

கருவூலத்தில் ஒரு புத்திசாலி இருந்திருக்கிறார். சம்பளம் வாங்குகிறவர்களின் வயது குறைந்தால், முதியோர் உதவித்தொகை வாங்குகிறவர்களின் வயது மட்டும் ஏன் குறையாமல் நிற்க வேண்டும் என்று அவர் யோசித்தார்.

அந்த அம்மாவின் மாமியாருக்கு எழுபத்திரண்டு வயது. புரை விழுந்த இரண்டு கண்ணுக்கும் போன வருஷம்தான் லென்ஸ் வைத்திருந்தார்கள். உதவித்தொகை நின்றது.

"கண்ணு தெரியணும்னுதானடி ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன், குமரியாகவா பண்ணிக்கிட்டேன்?" என்று கிழவி அழுதார். அந்தப் பணம் அவருடைய சொந்தப் பணம். மருமகளிடம் கை நீட்டாமல் மாத்திரை வாங்கிக்கொள்ளும் மரியாதை அதில் இருந்தது.

மருமகள் மாமியாரை ஏற்றிக்கொண்டு நேராக அதே அதிகாரியிடம் போனார். வயது சம்பந்தப்பட்ட எல்லாக் கணக்கும் இப்போது அவர் பொறுப்பில்தான் இருந்தது. முப்பத்தொரு வயதுக்காரர் இப்போது பூப்போட்ட சட்டை போட்டிருந்தார்.

"எழுபத்திரண்டு, ஒண்ணு, ஒண்ணு. மூணால வகுத்தா இருபத்தஞ்சுகூட முழுசா ஆகலைம்மா."

"சார், எனக்கே முப்பத்தெட்டு! இவங்க என் மாமியார்!"

"அது உறவுமுறை. வேற துறை." அதிகாரி குரலைத் தாழ்த்தினார். "கணக்கு நீங்க சொல்லிக்கொடுத்ததுதானே? நானா கண்டுபிடிச்சேன்?"

கூட வந்த மாமியார் மருமகளின் தோளை ஒதுக்கிவிட்டு முன்னால் வந்தார்.

"தம்பி, எனக்கு இருபத்தஞ்சு ஆகலைன்னா, வேலைக்கு வயசு இருக்குல்ல?"

அதிகாரி விதிப்புத்தகத்தைப் புரட்டினார். மறுக்க ஒரு வரிகூட அகப்படவில்லை. உதவித்தொகைச் சரிபார்ப்புப் பிரிவில் ஒரு ஜன்னல் காலியாக இருந்தது. வருகிறவர்களின் சாபத்துக்குப் பயந்து யாரும் அங்கே உட்காருவதில்லை. மாமியார் உட்கார்ந்தார்.

முதல் வாரம் கொஞ்சம் தயங்கினார். அடுத்த வாரம் நாற்காலி பழகிவிட்டது. புது லென்ஸ் அல்லவா, ஜன்னலுக்கு வெளியே வருகிறவனின் காதுக்குள் இருக்கும் கருவிகூட அவருக்குத் தெரிந்தது.

ஒரு மத்தியானம் மருமகள் சாப்பாட்டு டப்பாவோடு போனார். ஜன்னல் முன்னால் நீண்ட வரிசை. முதலில் நின்றது அடுத்த வீட்டுப் பெரியவர், மாமியாரோடு தினமும் சாயங்காலம் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுகிறவர். "நான்தான், தெரியலையா?" என்று சிரித்தார்.

"சிரிக்கறது இருக்கட்டும்" என்றார் மாமியார். "இன்னும் கொஞ்சம் நல்லாப் பல்லைக் காட்டுங்க."

காட்டினார். மாமியார் கட்டிய பல்லின் மேல் வரிசையை எண்ணி, கீழ் வரிசையை எண்ணி, கூட்டி வகுத்து, "பத்து வயசு. பள்ளிக்கூடத்துக்குப் போங்க. அடுத்தது!" என்றார்.

"அத்தை, சாப்பாடு" என்று மருமகள் பக்கவாட்டிலிருந்து டப்பாவை நீட்டினார்.

மாமியார் தலையைத் தூக்காமலே சொன்னார்: "வரிசையில வாம்மா."