மனிசியின்ர பேரைக் கதவில ஒட்டின கதை

அண்டைக்கு எனக்கிருந்த ஒரே வேலை, வீட்டில நோயாளியா இருக்கிறது. அதிலயும் கோட்டை விட்டன்.

எங்கட ஆக்களின்ர மனிசி பிள்ளையளுக்கு விசாக் குடுக்காமல் அரசாங்கம் இழுத்தடிச்சு, பின்னாளில தமிழ் வழக்கு எண்டு பேர் எடுத்த வருசங்கள். மனிசியைக் கூப்பிடப் போட்ட விண்ணப்பம் எங்கயோ தூங்குது. எனக்கோ இறைச்சித் தொழிற்சாலையில பண்டி தூக்கி இடுப்பு நாரி பிடிச்சிட்டுது. குனிஞ்சு சொக்ஸ் போடேலாது! வீட்டு உதவிக்கு ஆள் தாங்கோ எண்டு கொமுனக் கந்தோருக்கு, அதுதான் நகரசபைக்கு, எழுதினன். வீட்டை வந்து பாத்துத்தான் முடிவு சொல்லுவினமாம்.

இதைக் கூட்டாளி யோகனிட்டச் சொன்னதுதான் பிழை.

"வெள்ளைக்காரி வாறாள், வீடு கிடக்கிற கிடையைப் பாருங்கோ! மானம் போகப்போகுது, அண்ணை!"

முதல் நாளே வந்து கூட்டி, துடைச்சு, யன்னல் சீலை தோய்ச்சு, ரோல்சும் சுட்டு வைச்சிட்டுப் போனான். நான் மட்டும் குறைச்சலே? நோக்குளிசை ரெண்டை விழுங்கிப்போட்டு, கோட்டும் ரையுமா மாப்பிள்ளை மாதிரி நிண்டன். விசரன்!

வந்த பொம்பிளை சுத்திப் பாத்தாள்.

"நல்ல வடிவா இருக்கு. ஆர் துப்பரவாக்கினது?"

"கூட்டாளி."

எழுதினாள்.

"கதவில ஆறு பேரின்ர பெயர் இருக்கே?"

"நாலு பேர் இஞ்ச இல்லை. அறை மாறி மாறித் திரியிற பொடியள். மனிசிமாரின்ர விசாக் கடிதம் தவறக்கூடாது எண்டு இஞ்ச பேர் ஒட்டியிருக்கினம்."

அதையும் எழுதினாள்.

"இந்தப் பொம்பிளைப் பேர்?"

"என்ர மனிசி! யாழ்ப்பாணத்தில நிக்கிறா. வந்து இறங்கினவுடன பாத்துச் சந்தோசப்படட்டும் எண்டு முன்கூட்டியே ஒட்டி வைச்சனான்."

பெருமை வேற எனக்கு! அவளும் சிரிச்சு, மூண்டு ரோல்ஸ் சாப்பிட்டு, கைகுடுத்திட்டுப் போனாள். அலுவல் சரி எண்டு நானும் நினைச்சன்.

ரெண்டு கிழமையில கடிதம் வந்துது. வீட்டில ஆறு பேர் இருக்கினமாம், அதில ஒராள் மனைவியாம். வெளியால உதவி தேவையில்லையாம்.

வயித்தெரிச்சலில போன் அடிச்சன்.

"மனிசி இஞ்ச இல்லையே! நான்தானே சொன்னனான்!"

"எங்கட பதிவில இருக்கிறா."

"அப்ப விசாக் குடுக்கிற கந்தோருக்கும் ஒருக்காச் சொல்லுங்கோ, அவ வந்திட்டா எண்டு!"

"அது வேற கந்தோர்."

அந்த மாரி முழுக்க எனக்குச் சொக்ஸ் போட்டுவிட்டது என்ர மனிசிதான். யாழ்ப்பாணத்தில இருந்துகொண்டு.