அன்னார் அந்தோணி

என் அப்பாவை நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கொன்றுவிட்டேன். வேண்டுமென்று செய்யவில்லை. கொஞ்சம் நல்ல தமிழில் பேசலாம் என்று ஆசைப்பட்டேன், அதில் வந்த வினை.

எண்பதுகளின் நடுப்பகுதி. எனக்கு இருபது வயது. எங்கள் தீவின் வடக்கே ஈசூனில், அரசாங்க அடுக்குமாடியின் ஏழாவது மாடி வீட்டில் அப்பா, அம்மா, நான். நகரத்தில் ஒரு கப்பல் கம்பெனியில் டைப்பிஸ்ட் வேலை. படித்தது ஆங்கிலப் பள்ளியில். தமிழ் இரண்டாம் மொழி. அதிலும் பாஸ் மார்க்கை எட்டிப் பிடித்துத் தொங்கியவள். வீட்டுத் தமிழ் எனக்கு வாய் ஓயாமல் வரும். ரேடியோத் தமிழ், பிரசங்கத் தமிழ் என்றால் புரிந்த மாதிரி தலையை ஆட்டிவைப்பேன்.

அப்பா அந்தோணி, செம்பவாங்கில் கப்பல் பழுது பார்க்கும் இடத்தில் வெல்டர். அவருடைய அண்ணன் சவரி, என் பெரியப்பா, தீவின் மேற்குக் கோடியில் பூன் லேயில் இருந்தார். இரண்டு பேரும் நாலு வருஷமாகப் பேசிக்கொள்ளவில்லை. காரணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். கம்பத்தில், அதாவது பழைய கிராமத்துக் குடியிருப்பில், இரண்டு குடும்பமும் ஒரே தகரக் கூரையின் கீழ் இருந்தவர்கள். அரசாங்கம் கம்பத்தைக் காலி செய்யச் சொன்னபோது, ஒரே அடுக்குமாடி புளோக்கில் வீடு எடுப்பது என்று பேச்சு. பெரியப்பாவுக்கு வேலை ஜூரோங்கில், அதனால் பூன் லேக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். அப்பாவுக்கு வேலை செம்பவாங்கில், அதனால் ஈசூனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். இரண்டும் ஒரே வாரத்தில், ஒருவரிடம் ஒருவர் சொல்லாமல். இதில் யார் யாரை விட்டுவிட்டுப் போனார் என்பதுதான் நாலு வருஷ வழக்கு.

"அவர் மொதல்ல போன் பண்ணட்டும்" என்பார் அப்பா. "சின்னவன்தானே மொதல்ல பண்ணணும்" என்று பூன் லேயிலிருந்து பதில் வரும். ஞானஸ்நானம், கல்யாணம் என்று கோயிலில் சந்திக்க நேர்ந்தால் ஒருவர் முதல் பெஞ்சில், ஒருவர் கடைசிப் பெஞ்சில். பிடிவாதத்தில் இரட்டைப் பிள்ளைகள்.

அப்பா வேலை செய்யும்போது ஒரு பழைய சினிமாப் பாட்டை முணுமுணுப்பார். சட்டை அயர்ன் பண்ணும்போது, தூண்டிலுக்கு முடிச்சுப் போடும்போது, எப்போதும் அதே பாட்டு. ஒரு வரி பாடுவார். கொஞ்ச நேரம் சும்மா இருப்பார். அப்புறம் அடுத்த வரி. சின்ன வயதிலிருந்தே, அப்பாவுக்குப் பாதிப் பாட்டு மறந்துவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு நாள் தேக்கா கடைத்தெருவில் ஒரு கேசட் கடையில் அந்தப் பாட்டைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டேன். அது இரண்டு பேர் பாடும் பாட்டு. இரண்டு படகோட்டிகள், ஒருத்தன் கேட்கிறான், இன்னொருத்தன் பதில் சொல்கிறான். கேசட்டை வாங்கி வந்து அம்மாவிடம் விசாரித்தேன்.

"கம்பத்துல ரெண்டு பேரும் சேர்ந்து பாடுவாங்க லா. கேக்குறது உங்கப்பா, பதில் உங்க பெரியப்பா" என்றாள் அம்மா, கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அப்பா பாட்டை மறக்கவில்லை. அண்ணனுக்கு இடம் விட்டுவிட்டுப் பாடிக்கொண்டிருந்திருக்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அன்று முதல் நான் அந்தப் பாட்டையே கேட்டுக்கொண்டிருந்தேன், பஸ்ஸில் வாக்மேனில், படுக்கையில், எங்கும். இவர்களைப் பேச வைக்காமல் விடுவதில்லை என்று சபதமும் எடுத்தேன். (சபதம் எடுக்கும் வயது அது. இப்போது எடுத்தால் முதுகு பிடித்துக்கொள்ளும்.)

ரேடியோவில் அப்போது ஞாயிறு மதியம் ஒரு நிகழ்ச்சி வந்தது. நேயர்கள் போன் பண்ணி, இப்போது எந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், ஏன் என்று சொல்ல வேண்டும். உடனே அந்தப் பாட்டைப் போடுவார்கள். அப்பாவும் கேட்பார், பூன் லேயில் பெரியப்பாவும் கேட்பார். இதைவிட நல்ல தபால்காரன் கிடைப்பானா?

போன் பண்ணுவது சுலபம். பேசுவதுதான் கஷ்டம். "எங்கப்பா பாடுவாரு லா" என்று எங்கள் ஊர் 'லா'வை ஒட்டவைத்து ரேடியோவில் சொல்ல முடியுமா? கெத்தாக நாலு வார்த்தை வேண்டும். வீட்டுத் தமிழ்ப் பேப்பரைப் புரட்டினேன். ஒரு பக்கத்தில் கோட்டு, கண்ணாடி, கதர்ச் சட்டை என்று பெரியவர்கள் படங்கள். எல்லாரும் சிரித்த முகமாக இருந்தார்கள். மேலே 'நினைவஞ்சலி' என்று அலங்காரமான எழுத்து. பக்கத்தில் 'மூன்றாம் ஆண்டு' என்று இருந்தது. பதவிக்கு வந்து மூன்றாம் ஆண்டாக இருக்கும் என்று முடிவு செய்தேன். ஒவ்வொருவர் பேருக்குப் பக்கத்திலும் 'அன்னார்' என்று மரியாதையாக ஒரு வார்த்தை வேறு. திரு என்பதற்குக் கொஞ்சம் மேலே போலிருக்கிறது! இரண்டையும் கையில் எழுதிக்கொண்டேன்.

அந்த ஞாயிறு பார்த்து அப்பா மீன் பிடிக்கக் கிளம்பிவிட்டார். "ரேடியோ கேக்கலையாப்பா?" என்றேன். "மீன் ரேடியோ கேட்டுட்டா வரும்?" என்று வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். போகட்டும், பெரியப்பா கேட்டால் போதும் என்று, அம்மாவுக்குத் தெரியாமல் கீழே புளோக்கின் திறந்த தரைத்தளமான வாய்ட் டெக்கில் இருந்த பொதுத் தொலைபேசிக்குப் போனேன். அரை மணி நேரம் முயன்று லைன் கிடைத்தது.

"வணக்கம் நேயரே, எந்தப் பாடலைக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்?" வெண்ணெய் போன்ற குரல்.

நான் பாட்டைச் சொன்னேன். உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே தொடர்ந்தேன். "ஈசூனில் வசித்த, இல்லை, வசிக்கின்ற என் தந்தை அன்னார் அந்தோணி அவர்களுக்கு என் நினைவஞ்சலி. அன்னார் இப்பாடலைத் தம் அண்ணனோடு பாடினார். பிறகு தனியே பாடினார். அண்ணனின் வரிகள் வருமிடத்தில் அன்னார் மௌனம் காத்தார். அந்த மௌனத்தில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளவே நான் இப்பாடலைக் கேட்கிறேன். பெரியப்பா சவரி அவர்கள் எங்கிருந்தாலும் உடனே வரவும்."

 மறுமுனையில் அந்தக் குரல் தழுதழுத்தது. "தங்கள் குடும்பத்துக்கு எங்கள் ஆழ்ந்த அனுதாபங்கள்."

"ரொம்ப நன்றி, உங்களுக்கும்!" என்று உற்சாகமாகச் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

மாடிக்கு வருவதற்குள் வீட்டுப் போன் அடித்தது. எங்கள் கோயில் பங்கில் ஜெபமாலைக் குழுவை நடத்தும் திரேசா ஆன்ட்டி.

"ஸ்டெல்லா, ரேடியோல கேட்டேன், உண்மையாம்மா?"

"ஆமா ஆன்ட்டி, நான்தான் பேசினேன். நல்லா இருந்துச்சா?"

ஒரு விசும்பல் கேட்டது. இவ்வளவு உருகிவிட்டார்களே என்று எனக்குப் பெருமை.

"எப்பம்மா எடுக்குறீங்க?"

கேசட்டைத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்தேன். "போன வாரமே எடுத்துட்டேன் ஆன்ட்டி, தேக்காவுல."

"ஐயோ, போன வாரமா! எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லலையே! எல்லாம் முடிஞ்சிடுச்சா?"

"நாலு நிமிசத்துல முடிஞ்சிடும் ஆன்ட்டி. வேணும்னா வாங்க, மறுபடி போடுறேன்."

வந்தார்கள். அரை மணி நேரத்தில், வெள்ளைச் சேலையில் ஏழு பேரோடு, ஜெபமாலையும் புத்தகமுமாக வந்தார்கள். கதவைத் திறந்த அம்மாவைக் கட்டிக்கொண்டு ஆன்ட்டி, "அந்தோணி போயிட்டாரே!" என்று ஒரே அழுகை. மீன் பிடிக்கப் போன புருஷன், கடல், அம்மா வேறு எதைக் கேட்பாள்? "ஆண்டவரே!" என்று அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கையைப் பார்த்தேன். வியர்வையில் 'அஞ்சலி' கரைந்து ஓடிக்கொண்டிருந்தது. "அம்மா, அப்பா சாகலம்மா! நான் தப்பாச் சொல்லிட்டேன்!" என்று கத்தினேன்.

"பாவம், புள்ள மனசு ஏத்துக்கல" என்று ஒருவர் என் தலையைத் தடவினார். "சத்தியமா சாகல ஆன்ட்டி!" என்றால், "அழுதுடும்மா, உள்ள வச்சிக்காத" என்று தண்ணீர் கொடுத்தார் இன்னொருவர். நான் உண்மையைச் சொல்லச் சொல்ல எல்லாரும் கூடுதலாக அழுதார்கள். எங்கள் சாப்பாட்டு மேசையில் மெழுகுவத்தி ஏறியது. எங்கிருந்தோ அப்பாவின் கல்யாணப் படத்தை எடுத்து, அம்மா இருந்த பாதியைக் காலண்டரால் மறைத்து வைத்துவிட்டார்கள். அம்மாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. அவள் அழும் சத்தத்தை இன்றைக்கு நினைத்தாலும் நெஞ்சு கனக்கிறது. அதற்கு நான் எத்தனை முறை மன்னிப்புக் கேட்டாலும் தகும்.

அப்பாவின் ஆன்மாவுக்காக ஜெபமாலையின் மூன்றாவது பத்து மணிகள் உருண்டுகொண்டிருந்தபோது, வாளியும் தூண்டிலுமாக அப்பா வாசலில் வந்து நின்றார்.

"யாரு செத்தது?" என்று ரகசியமாகக் கேட்டார்.

 அம்மா எழுந்து போய், வாளியைப் பிடுங்கி வைத்துவிட்டு, அவர் நெஞ்சில் ரெண்டு குத்து குத்தினாள். பிறகு அதே இடத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நான் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அப்பாவின் முகம் சிவந்தது. "அன்னாரா? ஏய், நான் அன்னாரா?" என்று ஆரம்பித்தார். அடி நிச்சயம் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

அந்த நேரத்தில் லிப்ட் பக்கமிருந்து தாழ்வாரம் முழுக்கக் கேட்கும்படி ஓர் அழுகைக் குரல் வந்தது.

"டேய் அந்தோணி! தம்பி! நான் பாவிடா! நான்தான்டா மொதல்ல போன் பண்ணிருக்கணும்!"

பெரியப்பா. பூன் லேயிலிருந்து டாக்சியில், கைலியோடு வந்திருந்தார். நான் வாசலுக்கு ஓடப் பார்த்தேன். அப்பா என் கையைப் பிடித்து நிறுத்தினார். மற்ற எல்லாரையும் பார்த்து விரலை வாயில் வைத்தார்.

"இருங்க, பேசட்டும்" என்றார் மெதுவாக. நாலு வருஷம் காத்திருந்த மனுஷன், ஒரு வார்த்தையைக்கூட விடத் தயாராக இல்லை.

"உன்கிட்ட கேக்காம எழுதிக் குடுத்தது தப்புடா. அந்த வீட்டுல ஒரு நாள்கூட எனக்கு மனசு ஒட்டலடா. பக்கத்து வீட்டுல யாரோ இருக்கான்டா!"

அப்பாவின் தாடை ஆடிக்கொண்டிருந்தது. கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. வெளியே போனார்.

பெரியப்பா ஓர் அடி பின்னால் வைத்து, சிலுவை போட்டுக்கொண்டார். "நீ சாகலையா?"

"இல்லண்ணே."

"அப்ப நான் சொன்னதெல்லாம்..."

"கேட்டேன்."

"எல்லாமா?"

"லிப்ட்ல இருந்து."

பளாரென்று ஓர் அறை விழுந்தது. அதே கையால் பெரியப்பா அவரை இழுத்து அணைத்துக்கொண்டார். இரண்டு பேரும் தாழ்வாரத்தில் நின்று குழந்தைகள் மாதிரி அழுதார்கள். எதிர் புளோக்குக்காரர்களெல்லாம் வெளியே வந்து பார்த்தார்கள்.

வந்தவர்களைச் சும்மா அனுப்ப முடியுமா? அப்பா பிடித்த மீனை அம்மா குழம்பு வைத்தாள். அப்பாவின் ஆன்மாவுக்காக வந்த அத்தனை பேரும் அப்பா பரிமாறச் சாப்பிட்டார்கள். எல்லாரும் போன பிறகு அப்பா கோப்பைகளைக் கழுவிக்கொண்டு, பழக்கத்தில் அந்த முதல் வரியைப் பாடினார். வழக்கம் போல நிறுத்தினார். குளியலறையில் முகம் கழுவிக்கொண்டிருந்த பெரியப்பாவிடமிருந்து, கதவு வழியாக, பதில் வரி வந்தது. சுருதி கொஞ்சம்கூடச் சேரவில்லை. நானும் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் துணி மடித்துக்கொண்டிருந்தோம்.

அதிலிருந்து அப்பாவுக்குப் பேரே மாறிவிட்டது. கோயிலில் "அன்னார் வந்தாச்சா?" என்பார்கள். அம்மா சாப்பாடு போட்டுவிட்டு "அன்னாரைக் கூப்பிடு" என்பாள். அவருடைய அறுபதாம் பிறந்தநாள் கேக்கில்கூட அப்படித்தான் எழுதினோம். பெரியப்பா ஞாயிறுதோறும் வந்தார், இரண்டு பஸ் மாறி. எம்ஆர்டி ரயில் வந்த பிறகு புதன்கிழமையும் வந்தார்.

அப்பா நிஜமாகவே போனது பல வருஷம் கழித்து, ஒரு காலை நேரம். ஆஸ்பத்திரியிலிருந்து பெரியப்பாவுக்கு நான்தான் போன் பண்ணினேன். எந்தப் பெரிய வார்த்தையும் தேடவில்லை. "அப்பா போயிட்டாரு பெரியப்பா" என்றேன்.

 "நல்லாப் பாத்தியா?" என்றார்.

"பாத்தேன் பெரியப்பா."

"போன தடவையும் நீதான் சொன்ன. இரு, நான் வந்து பாக்குறேன். பாத்துட்டு அழுவுறேன்."

சொன்னபடி, வந்து பார்த்துவிட்டுத்தான் அழுதார்.