வெள்ளச்சி கூண்டில் நான் தூக்கிய சாக்கு

ஓர் உயிரை நல்லெண்ணம் மிக்கவனிடம் ஒப்படைப்பதைவிடச் சோம்பேறியிடம் ஒப்படைப்பது பாதுகாப்பானது. சோம்பேறி சும்மா இருப்பான். இருபத்து நான்கு வயதில் என்னிடம் சோம்பல் மருந்துக்கும் இருந்ததில்லை. (இப்போது தாராளமாக இருக்கிறது, என் மனைவி சாட்சி.)

சமூகவியலில் முதுகலை முடித்த கையோடு, தொண்ணூறுகளின் கடைசியில், கொல்லிமலையின் வளப்பூர் நாட்டில் பெரியவர்களுக்கு எழுத்தறிவு வகுப்பு நடத்தப் போயிருந்தேன். பொன்னாயி அக்காவின் வீட்டை ஒட்டிய அறையில் தங்கினேன். என்னைவிட நான்கே வயது மூத்தவர். மிளகும் மரவள்ளியும் பயிரிட்டிருந்தார். என் வகுப்பில் முன்வரிசை மாணவி. பிள்ளை பெற்றவளைத் தீட்டு என்று ஒதுக்கிவைப்பது எவ்வளவு பெரிய அநீதி என்று ஒருநாள் முக்கால் மணி நேரம் பேசினேன். கொட்டாவி விடாமல் கேட்டவர் அவர் ஒருவர்தான். ஓர் ஆளையாவது மாற்றிவிட்டோம் என்று அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

அக்காவிடம் வெள்ளச்சி என்றொரு முயல் இருந்தது. அடிவாரத்துக் காரவள்ளியில் மிளகு வாங்கும் காதர் பாய் ஆசையாகக் கொடுத்தது. அதன் முதல் ஈற்றில் பிறந்த நான்கு குட்டிகளும் மறுநாளே செத்துப்போயின. அதைப் பற்றிப் பேச்செடுத்தாலே அக்கா எழுந்து உள்ளே போய்விடுவார். மலைக்குளிர்தான் காரணம் என்று நானாகவே முடிவு செய்திருந்தேன்.

இரண்டாம் ஈற்றில் ஐந்து குட்டிகள். பிறந்த அன்றே அக்கா கூண்டின்மீது கனத்த சாக்கு ஒன்றைத் தொங்கவிட்டார். வீட்டுக் கதவில் சாக்கட்டியால் ஏதோ எழுதினார். ஓடிப்போய்ப் பார்த்தேன். யாரும் சொல்லித்தராமல் அவர் சொந்தமாக எழுதிய முதல் வாக்கியம் அது: ‘தீட்டு. யாரும் வரக் கூடாது.’

எழுத்துப்பிழை இல்லை. அதுதான் கூடுதலாக வலித்தது.

மறுநாள் காலை அக்கா மிளகு மூட்டையோடு காரவள்ளிக்குப் புறப்பட்டார். “சாயங்கால பஸ்ஸுக்கு வந்துருவேனுங்க. வெள்ளச்சிக்குத் தழை மட்டும் போடுங்க. சாக்கத் தூக்கிராதீங்க சார், தீட்டுங்க” என்றார்.

“முயலுக்குமா அக்கா?”

“எல்லாத்துக்குந்தானுங்க.”

பேருந்து வளைவில் மறைந்ததும் சாக்கைத் தூக்கினேன்.

உள்ளே கண்ட காட்சி என்னை நிலைகுலைய வைத்தது. குட்டிகள் கூண்டின் ஒரு மூலையில் வைத்திருந்த சிறு பெட்டிக்குள், தாய் தன் நெஞ்சிலிருந்து பிடுங்கிப் போட்ட முடிக்கு அடியில் கிடந்தன. கண் திறக்காத, முடியில்லாத, விரல் நீளச் சிவப்பு உயிர்கள். தாயோ கூண்டின் எதிர்மூலையில், அவற்றுக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாததுபோல் தழை மென்றுகொண்டிருந்தது. காத்திருந்தேன். ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம். உச்சிவெயில் இறங்கிய பிறகும் அது பெட்டிப்பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

எதையும் நிறுத்துப் பார்த்துச் செய்கிறவன் நான். தலையிட்டால் தவறு நேரலாம். தலையிடாவிட்டால் ஐந்தும் பசியில் சாகும். முதல் ஈற்றும் இப்படித்தான் போயிருக்க வேண்டும். ஆகவே தலையிடுவதே அறம் என்று தீர்மானித்தேன். (இவ்வளவு நேர்த்தியாக யோசித்து இவ்வளவு பெரிய தவறை அதற்குப் பிறகு நான் செய்ததில்லை, திருமண அழைப்பிதழுக்கு நானே கவிதை எழுதியது நீங்கலாக.)

ஐந்தையும் என் துண்டில் பொதிந்து அறைக்குக் கொண்டுவந்தேன். பக்கத்து வீட்டில் ஆட்டுப்பால் வாங்கி, பேனாவுக்கு மை ஊற்றும் ஃபில்லரைக் கழுவி, முதல் குட்டியின் வாயில் ஒரு சொட்டு விட்டேன். இரண்டாவது சொட்டில் பால் அதன் மூக்கு வழியே வந்தது. குட்டி ஒருமுறை துள்ளியது. பிறகு என் உள்ளங்கையில் துவண்டு விழுந்தது.

என் இதயம் நின்றுவிட்டது. அதன் இதயம் நிற்கவில்லை என்பதைத் தெரிந்துகொள்ளவே எனக்கு அரை நிமிடம் ஆயிற்று. மூக்கைத் துணி நுனியால் ஒற்றினேன், தலைகீழாகச் சாய்த்தேன், முதுகைத் தடவினேன். கடவுள் மறுப்பாளனான நான் அந்த அரை நிமிடத்தில் மூன்று கடவுள்களை அழைத்தேன். நான்காமவரைத் தேடிக்கொண்டிருந்தபோது ‘கீச்’ என்றது.

அதன்பின் ஃபில்லரைத் தொடவே இல்லை. சூடாவது கொடுப்போம் என்று துண்டை விரித்தேன். நான்கு குட்டிகள்.

மறுபடி எண்ணினேன். நான்கு. பாயை உதறினேன். டிரங்குப் பெட்டிக்குப் பின்னால் பார்த்தேன். கட்டிலுக்கு அடியில் பாதி உடலை நுழைத்துத் தேடிக்கொண்டிருந்தபோது வாசலில் ஜீப் வந்து நின்றது. பலாப்பழம் ஏற்ற மேலே வந்த காதர் பாய், அக்காவையும் பஸ்ஸுக்கு முன்பே கூட்டிவந்துவிட்டார்.

அக்கா வாசலில் நின்று துண்டைப் பார்த்தார். கூடையை இறக்கி வைத்தார்.

“அக்கா, ஒரு குட்டியைக் காணோம்” என்றேன், கட்டிலுக்கு அடியிலிருந்தே.

“வெளிய வாங்க தம்பி” என்றார் காதர் பாய். வந்தேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். “உங்க சட்டப் பை ஏன் மூச்சு விடுது?”

பால் குடித்துத் துவண்ட குட்டி அதிகமாகச் சில்லிட்டிருந்ததால் அதை நானே சட்டைப்பையில் வைத்திருந்தேன். மறந்துபோனேன்.

பாய் ஒரு குட்டியை எடுத்துப் புரட்டினார். “வவுத்தப் பாத்தீங்களா? தோலுக்குள்ள வெள்ளையாத் தெரியுதே, என்னது அது?”

“என்னது பாய்?”

“தாய்ப்பாலு. விடியக்காலமே குடிச்சிருக்கு. மொசலு ஒரு நாளைக்கு ஒருவாட்டி, மிஞ்சிப்போனா ரெண்டுவாட்டிதான் பால் கொடுக்கும். மீதி நேரம் தள்ளித்தான் உக்காந்திருக்கும். அதுங்க மேலயே உக்காந்து அடைகாக்க அது என்ன கோழியா தம்பி?”

அக்கா கூண்டிலிருந்த முடியைக் கொஞ்சம் எடுத்துவந்து உள்ளங்கையில் அழுத்தித் தேய்த்தார். மனித வாடை போக வேண்டுமாம். ஒவ்வொன்றாகப் பெட்டியில் வைத்து மூடினார். சாக்கை இறக்கினார்.

“சேத்துக்குமா அக்கா?”

“விடிஞ்சாத்தான் தெரியுமுங்க.” சாக்கின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தார். “போன ஈத்துல ஊரே வந்து எட்டி எட்டிப் பாத்துச்சு. வெள்ளச்சி மெரண்டு பொட்டிக்குள்ள குதிச்சு, நாலயும் அதே மிதிச்சுக் கொன்னுருச்சுங்க.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. “அப்போ தீட்டு என்று எழுதியது?”

“தீட்டாவது ஒண்ணாவது! நீங்கதான் அன்னிக்கு அத்தன நேரம் சொன்னீங்களே. பாக்காதீங்கன்னு எழுதுனா எல்லாரும் வந்து பாப்பாங்க. தீட்டுன்னா ஒருத்தரும் வரமாட்டாங்க.” என்னைப் பார்த்தார். “வரவும் இல்லீங்க. படிச்சவரு ஒருத்தரத் தவுர.”

விடியும்வரை நான் பட்ட பாட்டை எழுதப் போவதில்லை. வெளிச்சம் வந்ததும் அக்கா மட்டும் சாக்கின் ஓரத்தை விலக்கிக் கையை நுழைத்தார். நான் பத்தடி தள்ளி, அனுமதிக்கப்பட்ட எல்லையில் நின்றேன். அவர் விரல்கள் ஒவ்வொரு வயிறாகத் தடவிக்கொண்டு போனது தோள் அசைவில் தெரிந்தது.

“நாலு வவுறும் திம்முனு இருக்குதுங்க” என்றார். தோள் இன்னொருமுறை முன்னால் சாய்ந்தது. “பைக்குட்டியும் குடிச்சிருக்குது.”

ஐந்தும் பிழைத்தன. பைக்குட்டி மட்டும் கடைசிவரை சற்று இளைப்பாகவே இருந்தது. அதற்கு அக்கா ‘வாத்தியாரு’ என்று பெயர் வைத்தார். அது தழைக்கூடையைக் கவிழ்க்கும்போதெல்லாம் “அறிவிருக்கா வாத்தியாரே?” என்று அதட்டுவார். தெருவில் நானும் திரும்பிப் பார்ப்பேன்.

ஏழு ஆண்டுகள் கழித்துச் சேலத்தில் எனக்கு மகள் பிறந்தாள். செய்தி எட்டிய மூன்றாம் நாள், அக்கா பேருந்து ஏறி வந்து சேர்ந்தார். சாக்கில் கட்டிய பெரிய பலாப்பழம் ஒன்றைத் தூக்கமாட்டாமல் தூக்கி வந்திருந்தார். கட்டை அவிழ்த்துப் பழத்தை ஓரமாக உருட்டிவிட்டு, காலிச் சாக்கை நன்றாக உதறி மடித்து என் மனைவியிடம் நீட்டினார்.

“பழம் ஊட்டுக்குங்க கண்ணு. இது தொட்டிலுக்கு முன்னால கட்டறதுக்கு. உங்க ஊட்டுக்காரரு சும்மா இருக்க மாட்டாரு.”