வீரபத்திரன் காதில் விழுந்த பூனைக்குட்டி

ஆடிக் கிருத்திகைக்குப் பதினோரு நாள் இருக்கும்போது வீரபத்திரன் ஒரு சபதம் செய்தார். கொல்லைக்கு வந்துபோகும் சாம்பல் நிறப் பூனை தன் குட்டிகளை எங்கே ஒளித்து வைத்திருக்கிறது என்பதை, தனி ஒருவராக, யார் தயவும் இல்லாமல், தன் காதாலேயே கண்டுபிடித்துவிடுவது என்று.

இதில் சபதம் செய்ய என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு வீரபத்திரனின் காதைப் பற்றித் தெரியாது என்று அர்த்தம்.

திருத்தணியில் ஜம்புலிங்கத்தின் விசைத்தறிக் கொட்டகையில் அவர் பதினெட்டு வருஷமாக வேலை பார்க்கிறார். இருபத்து நாலு தறி ஒரே நேரத்தில் ஓடும் இடம். பக்கத்தில் இடி விழுந்தால்கூட, மழை ஒழுகிய பிறகுதான் தெரியும். அங்கே யாரும் குரலால் பேசுவதில்லை. உதட்டைப் பார்த்துத்தான் பேச்சு. டீ வந்ததும், நூல் அறுந்ததும், ஜம்புலிங்கம் வாசலில் நிற்பதும், எல்லாம் வாயசைவிலேயே கொட்டகை முழுக்கப் பரவிவிடும். கண் இப்படி வேலை கற்றுக்கொள்ளக் கற்றுக்கொள்ள, காது கொஞ்சம் கொஞ்சமாக வேலையை விட்டு நின்றுகொண்டது.

வீரபத்திரன் இதை ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. சத்தத்தை வைத்தே எந்தத் தறியில் கோளாறு என்று சொல்லிவிடுகிற ஆள் என்று கொட்டகையில் அவருக்குப் பெயர். இப்போதெல்லாம் தறியின் மேல் கையை வைத்து, அதிர்வை வைத்துத்தான் சொல்கிறார் என்பது அவருக்கும் அந்தக் கைக்கும் மட்டுமே தெரிந்த ரகசியம். காது போய்விட்டது என்று வெளியே தெரிந்தால் அந்தப் பெயர் என்னாவது? தெருவில் செவிட்டு வீரபத்திரன் என்று அடையாளம் சொல்வார்களே!

மனைவி சந்திரா இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"வேலூர்ல காது டாக்டர் ஒருத்தர் கீறாராம். போயிட்டு வந்துடலாங்க."

"எதுக்கு?"

"காது கேக்கத்தான்."

"கேக்காமயா நீ கேட்டதுக்கு எதுக்குன்னு கேட்டேன்?"

அவள் முகம் அவர் எதிரே இருக்கும்வரை அவரை ஜெயிக்க முடியாது. முதுகைக் காட்டிக்கொண்டு பேசினால் மட்டும், "ஆங், ஆங், அப்படியே செய்" என்பார். அப்படி அவர் சம்மதித்த காரியங்களில் ஒரு தையல் மெஷினும் இரண்டு எருமைக் கன்றுகளும் அடக்கம்.

ரேடியோவை அவர் வைக்கிற சத்தத்தில் பக்கத்து வீட்டுப் பூவம்மாள் சொந்தமாக ரேடியோ வாங்குகிற யோசனையையே கைவிட்டிருந்தாள்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலமும் அவர் கட்டிலில் உட்கார்ந்து ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். சந்திரா வந்து ரேடியோவை நிறுத்தினாள்.

"ஏங்க, உங்களுக்கு எதுனா சத்தம் கேக்குதா?"

வீரபத்திரன் உஷாரானார். இந்த மாதிரி நேரங்களுக்கு அவரிடம் ஒரு வித்தை இருந்தது. கேட்பவரின் கண் எங்கே போகிறதோ அங்கே கையைக் காட்டிவிடுவது. சந்திரா புடவைத் தலைப்பால் நெற்றியைத் துடைத்தாள். துடைக்கும்போது கண் ஒரு நொடி மேலே போனது.

"பரண்!" என்றார் வீரபத்திரன்.

"பரண்லயா?"

"சந்தேகமே வேணாம். பூனைக்குட்டி. கொல்லைக்கு வர்ற சாம்பல் பூனை குட்டி போட்டுட்டுது. ஒரு மணி நேரமா கேட்டுகினுதானே இருக்கிறேன். மூணு குட்டி. அதுல ஒண்ணுக்குக் குரல் கொஞ்சம் கரகரன்னு கீது."

சந்திரா அவரையே சற்று நேரம் பார்த்தாள். பிறகு மெதுவாக, "எவ்ளோ நுணுக்கமா கேக்குது உங்களுக்கு!" என்றாள்.

அந்த ஒரு வார்த்தையில் வீரபத்திரன் நாலு அங்குலம் வளர்ந்துவிட்டார். சபதம் பிறந்தது அப்போதுதான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பரணில் ஏறினார். கல்யாணமான நாளாக அந்தப் பரணைச் சுத்தம் செய்யும்படி சந்திரா கேட்டுக்கொண்டிருக்கிறாள். ஒவ்வொரு ஆடிக்கும் அவளுடைய தம்பி ராஜவேலு பள்ளிப்பட்டிலிருந்து காவடியோடு பதினாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து இறங்குவான். ஒவ்வொரு ஆடிக்கும், வீடு சுத்தம் செய்ய வேண்டிய வாரத்தில், கொட்டகையில் வீரபத்திரன் இல்லாமல் ஒரு தறிகூட ஓடாது என்கிற நிலைமை வந்துவிடும். இந்த வருஷம் நிலைமை வேறு. ஓர் உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது.

"பாத்து எறங்குங்க. அந்த அண்டாவைக் குடுங்க. பின்னால கீற தவலையும் குடுங்க. குட்டி அதுக்குள்ளகூட இருக்கும்."

அண்டா வந்தது. தவலை வந்தது. உடைந்த தொட்டில், ஒன்பது வருஷத்துக் காலண்டர், பாச்சை அரித்த பாய், எல்லாம் வந்தன. சந்திரா கீழே நின்று ஒவ்வொன்றாக வாங்கிப் புளி போட்டுத் தேய்த்துக் கவிழ்த்தாள். மத்தியானத்துக்குள் பரண் பளிச்சென்று இருந்தது. குட்டியைத்தான் காணோம்.

"எடம் மாத்திட்டுது," என்றார் வீரபத்திரன், தும்மிக்கொண்டே. "குட்டி போட்ட பூனை ஏழு வீடு மாத்தும். இது நம்ம வீட்டுக்குள்ளயே ஏழு எடம் மாத்துது. கில்லாடி!"

"இப்ப எங்க கத்துதுங்க?"

கண்ணைப் பார்த்தார். கண் கொல்லைப் பக்கம் போனது.

"வெறகு!"

திங்களும் செவ்வாயும் மின்வெட்டு. கொட்டகை அரை நாள்தான் ஓடியது. மீதி அரை நாளில் ஒன்றரை வண்டி விறகைக் கலைத்துப் பிரித்து, சிராய் வேறு கட்டை வேறாக அடுக்கினார். ஒரு தேள் கிடைத்தது. புதன்கிழமை நெல் கொட்டி வைக்கும் குதிர் நகர்ந்தது. காணாமல் போன கொலுசு ஒன்று கிடைத்தது. வியாழக்கிழமை சந்திராவின் கண் கூரையின் மூலைக்குப் போயிற்று. மூன்று மழைக்காலமாக ஒழுகும் மூலை அது. வீரபத்திரன் ஓட்டுக்கூரையில் ஏறி, உடைந்த ஓடுகளையெல்லாம் எடுத்துவிட்டுப் புது ஓடு போட்டார்.

இத்தனைக்கும் நடுவில் பூனை தன் பாட்டுக்கு வந்து போனது. காலையும் மாலையும் கொல்லைக்கு வரும். வயிறு ஒட்டிக் கிடக்கும், மடி மட்டும் கனத்துத் தொங்கும். ஆடி மாதம் கவுச்சி புழங்காத வீடு. அதனால் வீரபத்திரன் தன் காப்பிக்கான பாலை அதன் தட்டில் ஊற்றிவிட்டுக் கடுங்காப்பி குடிக்கத் தொடங்கினார். பூனை ஒரு சொட்டு விடாமல் நக்கிவிட்டு, அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சுவரேறிப் பூவம்மாள் வீட்டுப் பக்கம் குதித்துவிடும். அந்தப் பார்வை அவரை என்னவோ செய்தது. பிள்ளைகளை வைத்துக்கொண்டு தெருத் தெருவாக அலைகிற ஜீவனாயிற்றே என்று மனசு இளகியது.

"அது அந்தப் பக்கந்தானே போவுது? பூவம்மா வீட்ல பாக்கலாங்களா?" என்று ஒருநாள் சந்திராவே கேட்டாள்.

வீரபத்திரன் சிரித்தார். விவரம் தெரிந்தவர்கள் விவரம் தெரியாதவர்களைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு.

"அடி பைத்தியமே! நாம பாத்துகினு இருக்கும்போது அது நேரா குட்டிங்ககிட்டயா போவும்? நம்மள ஏமாத்த அங்க குதிச்சுட்டு, சுத்திகினு இங்கதான் வரும். பூனை புத்தி எனக்குத் தெரியாதா?"

"நீங்க சொன்னா சரியாத்தாங்க இருக்கும்."

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பூவம்மாள் எட்டிப் பார்த்தாள். "அண்ணா, செவுத்துப் பொந்துல எதுனா பூந்துகினு இருக்கும். சுண்ணாம்பு அடிங்க. அந்த வாசனைக்குத் தானா வெளிய வந்துடும்."

"அதைத்தான் நானும் நெனச்சுகினு இருந்தேன்," என்றார் வீரபத்திரன் உடனே.

வெள்ளியும் சனியும் சுண்ணாம்பு அடித்தார். முன்கட்டு, பின்கட்டு, சமையலறை, கொல்லைச் சுவர் வரை. தலைமயிரிலும் மீசையிலும் புருவத்திலும் சுண்ணாம்பு. வேலைக்குப் போனபோது ஜம்புலிங்கம் அவரைப் பார்த்து, "இன்னா வீரபத்திரா, அதுக்குள்ள வயசாயிடுச்சா?" என்று வாயசைத்தார். வீட்டில் இவர் ஒவ்வொரு மூலையாக மோந்து மோந்து நிற்பதைப் பார்த்து, "குட்டி போட்டது அது. சுத்திகினு இருக்கிறது நீங்க," என்று சந்திரா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சொன்னாள். வாயை மூடியதால் அவருக்கு அது கேட்கவில்லை. "ஆங், ஆங்," என்றார்.

கிருத்திகைக்கு முந்தின நாளின் முந்தின நாள். வீடு கல்யாண வீடு மாதிரி மின்னியது. தரையில் முகம் பார்க்கலாம். வீரபத்திரன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கொல்லைப்படியில் உட்கார்ந்தார். பூனை வந்தது, குடித்தது, பார்த்தது, சுவரேறிப் போயிற்று. அவருக்குச் சட்டென்று கண் கலங்கிவிட்டது.

"சந்திரா," என்றார். "குட்டிங்க செத்துப் போயிருக்குமா? நான் அங்க இங்கன்னு கலைச்சதுல பயந்து... எங்கனா மாட்டிகினு..."

சந்திராவுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. நல்ல மனுஷன். காதுதான் சரியில்லை.

"எழுந்து வாங்க," என்று கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனாள்.

பூவம்மாள் வீட்டு உள்ளறையில் ஒரு மூங்கில் கூடை. கூடையில் வீரபத்திரனின் பழைய லுங்கி. லுங்கியில் சாம்பல் பூனை கால் நீட்டிப் படுத்திருந்தது. அதன் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு இரண்டு குட்டிகள், கொழுகொழுவென்று.

வீரபத்திரனின் முகம் முதலில் மலர்ந்தது. பிறகு மெதுவாகச் சுருங்கியது.

"எப்ப வந்துச்சு இங்க?"

"போன வாரம் ஞாயித்துக்கெழமைண்ணா," என்றாள் பூவம்மாள். "நீங்க பரண் மேல ஏறினீங்களே, அப்ப அண்ணிதான் கூடையோட கொண்டாந்து குடுத்துச்சு. பூனையும் பின்னாலயே வந்துடுச்சு."

"அப்ப வெறகுல கத்தினது?"

"கத்தல," என்றாள் சந்திரா.

"கூரையில?"

"அங்கயும் கத்தல."

"பரண்ல கத்துச்சேடி! நான் கேட்டேனே!"

"அன்னிக்குக் கத்துனது நெசந்தாங்க. ரெண்டும் தொண்டை கிழியக் கத்துச்சுங்க. உங்க கட்டிலுக்கு அடியில, பழந்துணிக் கூடையில. நீங்க அதுங்க மேல உக்காந்துகினு பரண்ணு கை காட்டுனீங்க. மூணுன்னு எண்ணிக்கை வேற சொன்னீங்க."

வீரபத்திரனின் வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. வந்திருந்தால் அவருக்கு மட்டும் கேட்டிருக்காது.

"கிருத்திகை முடிஞ்ச மறுநாள் வேலூருக்கு மொத பஸ்ஸு," என்றாள் சந்திரா, அவர் முகத்துக்கு நேரே நின்று, ஒவ்வொரு எழுத்தாக உதட்டை அசைத்து. "'அக்கா, பாவாவை நானே இட்டுகினு போறேன்'னு ராஜவேலு சொல்லிட்டான். டாக்டர்கிட்ட பேரும் குடுத்தாச்சு. மறுபேச்சு கெடயாது."

பதினெட்டு வருஷப் பெயர் கண்ணெதிரே போய்க்கொண்டிருந்தது. இனி எதைப் பிடித்து நிறுத்துவது? வீரபத்திரன் கூடையைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து முருகன் கண் திறந்தான். சின்னக் குட்டி அசைந்தது. தலையைத் தூக்கியது. ரோஜா நிறத்தில் நாக்கு தெரிய, நுனிப்பல் தெரிய, வாயை ஆவென்று திறந்தது.

வீரபத்திரன் நிமிர்ந்தார். மீசையில் மிச்சமிருந்த சுண்ணாம்பைத் தட்டிவிட்டார்.

"டாக்டராவது இன்னொண்ணாவது! என் காதுக்கு இன்னா கொறச்சல்? இதோ, இந்தக் குட்டி பசியில கத்துதே, தெருக்கோடி வரைக்கும் கேக்குமே, எனக்குக் கேக்கலன்னா சொல்றீங்க?"

பூவம்மாள் கூடையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"அது கொட்டாவி விடுதுண்ணா."