வழிமொழியும் பேர்வழி

முன்மொழிகிறவர்களைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது வழிமொழிகிறவரைப் பற்றி. நகர்மன்றக் கூட்டத்துக்கு நீங்கள் வந்தால் இந்தப் பிறவியை எளிதில் கண்டுபிடித்துவிடலாம். மூன்றாவது வரிசையில், மின்விசிறிக்கு நேர் கீழே, பாதிக் கண் மூடி உட்கார்ந்திருப்பார். தூங்குகிறாரா? இல்லை ஐயா, தலைவர் எங்கே மூச்சு வாங்குவார் என்று காத்திருக்கிறார்.

இளப்பமாக நினைக்காதீர்கள். ஒருவர் முன்மொழிந்து இன்னொருவர் வழிமொழியாவிட்டால் எங்கள் மன்றத்தில் எந்தத் தீர்மானமும் செல்லாது. ஊருக்குத் தெருவிளக்கு வந்தது, சந்தைக்குக் கூரை வந்தது, அந்தக் கூரை காற்றில் பறந்தது, அதை விசாரிக்கக் குழு வந்தது, குழு உட்கார நாற்காலி வந்தது; இந்த நூறு வருஷ வரலாற்றில் ஒவ்வொன்றுக்கும் எவனோ ஒருவன் "வழிமொழிகிறேன்" என்று எழுந்திருக்கிறான். கல்வெட்டில் அவன் பெயர் இருக்காது.

அவன் இவன் என்ன, இப்போது அந்த ஆள் நான்தான். ஒன்பதாம் வார்டு உறுப்பினர்.

வீட்டிலும் இதே கதைதான். "இந்தச் சட்டை உங்களுக்கு நல்லாவே இல்ல" என்பாள் மனைவி. "ஆமாம்மா, நல்லாவே இல்ல" என்பேன். நான் ஆசைப்பட்டு வாங்கிய சட்டை அது.

எனக்கு ஓட்டுப் போட்டவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று: வடிகால். மழை வந்தால் எங்கள் தெருவே குளம். தெருமுனைத் தையல்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, இந்த மழைக்குள்ள வடிகால் வந்துடணும். இன்னொரு தடவை துணி நனைஞ்சா கடையை மூட வேண்டியதுதான்" என்றார். "ஆமா தம்பி, வந்துடணும்" என்றேன். ஒருவழியாக அதற்கு நிதியும் ஒதுக்கினார்கள்.

போன கூட்டத்தில் தலைவர் படித்தார்: "நமது மன்றத்தின் நூற்றாண்டை முன்னிட்டு, கடைவீதி முகப்பில் அலங்கார வளைவு அமைக்கவும்..." இங்கே மூச்சு வாங்கினார்.

"வழிமொழிகிறேன்!"

கைதட்டல் வேறு. தலைவர் சிரித்தபடியே மீதியைப் படித்தார்: "...அதற்கான செலவை ஒன்பதாம் வார்டு வடிகால் நிதியிலிருந்து எடுத்துக்கொள்ளவும் தீர்மானிக்கப்படுகிறது."

"தலைவரே, அது எங்க வார்டு..."

"அதான் நீங்களே வழிமொழிஞ்சிட்டீங்களே! இந்தப் பெருந்தன்மை யாருக்கு வரும்?"

மறுபடியும் கைதட்டல். நான் என்ன செய்தேன்? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டேன்.

அடுத்த வாரமே மழை பிடித்துக்கொண்டது. தையல்காரர் மெஷினை மேசைமேல் ஏற்றிவிட்டு, கணுக்கால் தண்ணீரில் நின்று, பாதி தைத்த பள்ளிச் சீருடைகளைப் பிழிந்துகொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே நடந்ததைச் சொன்னேன். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"உங்களச் சொல்லி என்னண்ணே ஆகப்போகுது?" என்றார். "தேர்தலப்போ எதிர்க்கடைக்காரர்தான் ஆரம்பிச்சாரு, 'அவரே வரட்டும், நல்ல மனுஷன், எந்த வம்புக்கும் போகமாட்டாரு'ன்னு. 'ஆமா, அவரே வரட்டும்'னு தெரு முழுக்கச் சொன்னது நான்தானே?"

எங்கள் இருவரையும் பார்த்துச் சிரிப்பு வருகிறதா? தாராளமாகச் சிரியுங்கள். அதற்கு முன்னால் ஒன்று மட்டும் சொல்லிவிடுங்கள்: மழை பெய்தால் உங்கள் தெருவில் தண்ணீர் கணுக்கால் வரைக்குமா, முழங்கால் வரைக்குமா?