எட்டுக்கு மேலே, மைனஸ் இரண்டுக்குக் கீழே

தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறவன், யார் எதைக் கேட்டாலும் தெரியும் என்றுதான் சொல்வான். ஊரிலிருந்து தினமும் பஸ்ஸில் மதுரைக்கு வந்து பி.யூ.சி. படித்த வருடம் நான் அப்படித்தான் இருந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கல்லூரியில் யாரிடம் என்ன பேசுவதென்று சொல்லித்தர ஆளில்லை. மதியம் சைக்கிள் ஸ்டாண்டில்தான் சாப்பாடு. (என் வீட்டுக் குழம்பின் ருசி அந்தச் சைக்கிள்களுக்கு அத்துப்படி.)

கணக்குப் பரீட்சைக்கு முதல் நாள் என் வகுப்புத் திருநகர்ப் பையன்கள் கூட்டமாக வந்தார்கள். அவர்களில் சேகர் என் பக்கத்திலேயே உட்கார்ந்தான்.

"மாப்ள, இந்த மாடுலஸ்ல ரெண்டு கோட்டுக்கு நடுவுல எக்ஸை அடைச்சு வச்சிருக்காய்ங்களே, எப்படிடா வெளிய எடுக்குறது?"

மாப்ள என்று கூப்பிட்டவனிடம் தெரியாது என்று சொல்ல வாய் வருமா?

|x − 3| < 5 என்றால், மூன்றிலிருந்து ஐந்து தூரத்துக்குள் இருக்கவேண்டும். ஆகவே −2 < x < 8. இது நிஜமாகவே தெரியும். அடுத்து |x − 3| > 5 என்றால் என்ன என்று கேட்டான். அது தெரியாது.

"குறியைத் திருப்பிப் போடு. அம்புட்டுத்தான்."

−2 > x > 8. பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. சேகர் என் டப்பாவிலிருந்து அப்பளத்தை எடுத்துக் கடித்தான். தாள் திருத்தி வரும்வரை தினமும் வந்தார்கள். அந்த நாட்களில் நான் சைக்கிள்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கணக்கு வாத்தியார் தாள்களோடு வந்து, அந்த விடையைக் கரும்பலகையில் எழுதினார்.

"மைனஸ் ரெண்டை விடச் சின்னது. அதே நம்பர் எட்டை விடப் பெருசு. அப்படி ஒண்ணைப் புடிச்சுட்டு வாங்கய்யா, மாலை போடுறேன். யாரு சொல்லிக் குடுத்தது?"

தலைகளெல்லாம் என் பக்கம் திரும்பின.

"ஒண்ணு, மைனஸ் ரெண்டுக்குக் கீழ இருக்கணும். இல்லாட்டி எட்டுக்கு மேல இருக்கணும். ரெண்டுலயும் ஒருத்தனே இருக்க முடியாது. வெளங்குச்சா?"

விளங்கியது. அன்று மதியம் மணியடிக்கும்வரை டப்பாவை மூடாமல் உட்கார்ந்திருந்தேன். (அம்மாவிடம் சொல்லிக் கூடுதலாக அப்பளம் வேறு.)

பல வருடம் கழித்து என் கல்யாணத்துக்கு வந்த சேகர், மொய் எழுதினோமா போனோமா என்றில்லாமல், இதை என் மனைவியிடம் சொல்லிவிட்டான். இப்போதும் விசேஷ வீடுகளில் ஊர்ச் சொந்தம் ஒரு பக்கம், ஆபீஸ்காரர்கள் ஒரு பக்கம் உட்கார்ந்திருக்க, எதில் போய்ச் சேர்வதென்று தெரியாமல் நான் நிற்பேன்.

"அப்பா எங்கம்மா?" என்று பிள்ளைகள் கேட்கும்.

"அந்தா நிக்கிறாருல்ல, மைனஸ் ரெண்டுக்குக் கீழயும் எட்டுக்கு மேலயும்" என்பாள்.

இரண்டு பக்கமும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், நின்றபடியே.