சட்டைக்கு அளவு

அறுபது வயதுவரை கண்ணாடி போடமாட்டேன் என்று சபதம் செய்தவனின் கதி இது. மனம் இளகியவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

என் மனைவி வீட்டிலேயே துணி தைப்பவள். போன வருடம் அவளுக்கு ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. கண்ணாடி வாங்கினாள். புத்தியுள்ள புருஷன் வாயை மூடிக்கொண்டிருப்பான். நான் வாரம் முழுக்க அவளைப் "பாட்டிம்மா" என்று கூப்பிட்டேன். போதாக்குறைக்கு, சோபாவில் கிடந்த அந்தக் கண்ணாடிமேல் உட்கார்ந்து அதை இரண்டாக்கினேன். அவள் வேறொன்று வாங்கிக்கொண்டாள். அப்போதாவது அடங்கினேனா?

"எனக்கெல்லாம் கழுகுப் பார்வை. அறுபது வரைக்கும் கண்ணாடி கிட்டயே வராது. அதுக்கு முன்னாடி போட்டேன்னா, இந்த வீட்டுப் பாத்திரத்தையெல்லாம் ஆயுசுக்கும் நானே கழுவறேன்!"

சாப்பிட வந்திருந்த அவள் தம்பி, "அக்கா, நான் சாட்சி" என்றான். என் நாக்கில் சனி உட்கார்ந்திருந்தது. யாரும் சொல்லவில்லை.

வருடம் திரும்புவதற்குள் எழுத்துகள் என்னைக் கைவிட்டன. பேப்பரைத் தள்ளிப் பிடித்தேன். இன்னும் தள்ளினேன். கடைசியில் கை தீர்ந்துபோயிற்று. என் உத்தியோகமோ பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகர். நீட்டுகிற டிக்கெட்டில் தேதியும் தெரியவில்லை, ஊரும் தெரியவில்லை. கொஞ்ச நாளாக நான் ஏறிய வண்டிகளில் வந்தவர்கள் எல்லோரும் யோக்கியர்கள்.

ஒரு காலையில் பேப்பரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது மனைவி டேப்பை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"அப்படியே இருங்க. கைய மடக்காதீங்க."

"எதுக்கு?"

"உங்களுக்கு ஒரு சட்டை தைக்கலாம்னு. நீங்க பாட்டுக்குப் படிங்க."

தோளை அளந்தாள். மார்பு, இடுப்பு, கை. அதோடு விட்டாளா? என் மூக்கிலிருந்து பேப்பர்வரை டேப்பைப் பிடித்தாள்.

"இது என்ன அளவு?"

"காலர் எவ்வளவு தூக்கலா வைக்கணும்னு பாக்க வேண்டாமா? தையலப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?"

ஒன்றும் தெரியாதுதான். ஊருக்கெல்லாம் தைக்கிறவள் எனக்கென்று தைப்பது இதுவே முதல் தடவை. இப்பேர்ப்பட்டவளையா பாட்டி என்றோம் என்று வெட்கப்பட்டேன்.

சட்டை வரவில்லை. ஆனால் ஒரு நாள் பொத்தான் தேடித் தையல் பெட்டியைக் கிளறியபோது, நூல்கண்டுகளுக்கு அடியில் ஒரு கண்ணாடி அகப்பட்டது. ஊதா நிறம். இரண்டு பக்கமும் பூ. நான் உடைத்ததை ஒட்டவைத்திருக்கிறாள், சிக்கனக்காரி, என்று மெச்சிக்கொண்டே மாட்டிப் பார்த்தேன். பொத்தான் அட்டையிலிருந்த பொடி எழுத்தெல்லாம் துள்ளிக் குதித்து எழுந்து நின்றது. அழுகையே வந்துவிட்டது.

அன்றிலிருந்து ஊதாக் கண்ணாடி என் பனியனுக்குள், பேப்பர் பனியனுக்கு மேல், நான் பாத்ரூமுக்குள். ராஜ்யம் நன்றாகத்தான் நடந்தது. கதவு தட்டப்படும்வரை.

"என்னங்க, தினமும் இவ்ளோ நேரம் உள்ள இருக்கீங்க? வயிறு சரியில்லையா?"

"ஆமா ஆமா. வயிறுதான்."

"அடடா, முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

சொன்னதற்குக் கிடைத்தது கஞ்சி. உப்பில்லாத கஞ்சி. காலையில் கஞ்சி, மத்தியானம் கஞ்சி, ராத்திரி மட்டும் மாறுதலுக்குத் தண்ணீர் கூடுதலாக விட்ட கஞ்சி. பாத்திரம் கழுவுவதைவிட இது மேல் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இடுப்பில் பேன்ட் நிற்கவில்லை. வாழ்க்கையே வெறுத்துப்போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை மச்சினன் வந்தான். அவன் தட்டில் வறுத்த மீன். என் தட்டில் வழக்கம்போல. நான் அந்த மீனையே பார்த்துக்கொண்டிருக்க, மனைவி ஒரு சின்னப் பாட்டிலையும் ஸ்பூனையும் என் முன்னால் வைத்தாள்.

"வயித்துக்கு மருந்து. எவ்ளோன்னு மேல போட்டிருக்கு, படிச்சுட்டுக் குடிங்க."

பாட்டிலைத் தள்ளிப் பிடித்தேன். மச்சினன் என்னையே பார்த்தான். கழுகு தைரியத்தை வரவழைத்துக்கொண்டது.

"சாப்பாட்டுக்கு அப்புறம் ரெண்டு ஸ்பூன்னு தெளிவாப் போட்டிருக்கு."

ஊற்றி, உதடுவரை கொண்டுபோனேன். மனைவி என் மணிக்கட்டைப் பிடித்தாள். மச்சினன் பாட்டிலைத் திருப்பிப் பார்த்துவிட்டு அலறினான்.

"மாமா! இது தையல் மிஷின் எண்ணெய்!"

ஸ்பூன் கீழே விழுந்தது. நான் கடைசி அஸ்திரத்தை எடுத்தேன்.

"சரி, கண்ணு கொஞ்சம் மங்கல். ஒத்துக்கறேன். ஆனா நான் கண்ணாடி போட்டதை யாராவது பாத்தீங்களா?"

"மூக்குல ரெண்டு பக்கமும் தழும்பு இருக்கே. வயித்து வலி மூக்குலயா வரும்?" என்றாள் மனைவி.

மூக்கைத் தடவிப் பார்த்தேன். இருந்தது.

"அது உன்னோட பழைய கண்ணாடிதானே? சும்மா ஒரு தடவை போட்டுப் பாத்தேன். அது கணக்குல வராது."

"என் பழசு நீங்க உக்காந்தப்பவே குப்பைக்குப் போயிடுச்சு. இது உங்களுக்குன்னு வாங்கினது. எவ்ளோ தூரத்துல பிடிச்சுப் படிக்கிறார்னு கடைக்காரர் கேட்டார். அளந்துதான் வச்சிருந்தேனே, சொன்னேன்."

மூக்கிலிருந்து பேப்பர்வரை. காலராம் காலர்!

"அதுக்கு எதுக்குடி ஊதா? எதுக்குப் பூ?"

"ஆம்பளைங்க கண்ணாடின்னா உஷாராயிருப்பீங்க. என்னோடதுன்னு நெனச்சாத்தானே திருடுவீங்க?"

மச்சினன் மீனைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினான். அவனிடம் கொஞ்சம் இரக்கம் இருக்கும் என்று நினைத்தது என் தப்பு. "மாமா, நான் சாட்சி" என்று ஞாபகப்படுத்தினான்.

எழுந்தேன். அடுக்களையில் ஒரு வாரத்துப் பாத்திரம் குவிந்திருந்தது. கஞ்சிப் பானை மட்டும் மூன்று. ஊதாக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குழாயைத் திறந்தேன். எந்தப் பானையில் எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று அணு அணுவாகத் தெரிந்தது. கடவுளே, பழைய கண்ணே தேவலை.

"அப்போ சட்டைன்னு சொன்னதெல்லாம் பொய்யா?" என்றேன். கேட்கும்போது குரல் உடைந்துவிட்டது. கண்ணாடியைவிட, பாத்திரத்தைவிட, அந்தச் சட்டைதான் எனக்கு வலித்தது.

மனைவியின் முகம் மாறியது. "சீச்சீ, உங்க அளவ வீணாக்குவேனா?" என்று உள்ளே ஓடினாள். தைத்துத் தேய்த்து மடித்து வைத்திருந்த ஒன்றைக் கொண்டுவந்து என் கழுத்தில் மாட்டி, முதுகுப் பக்கம் நாடாவை இழுத்துக் கட்டினாள்.

ஏப்ரன். கச்சிதமாக இருந்தது.